என் மாப்பிள்ளையை வீடு வீடாகக் கொண்டு போனவள்

அவளுடைய பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்தக் காலத்தில் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அந்தப் பெயரைத் தெரியாத பெண்கள் இருந்ததில்லை. இருந்த புகழே அவளுக்குக் கூடுதல், நான் வேறு எழுதி அதை ஊதிப் பெருக்க வேண்டாம். நேரில் பார்த்தால் "ராத்தா" என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியை அப்படித்தான் அழைப்போம். இங்கே "அவள்" என்று எழுதுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

தலையில் கடகத்தை வைத்துக்கொண்டு அடுப்படிக் குசினி வாசல்களில் மீன் விற்றவள் அவள். ஒல்லியாக, நெட்டையாக இருப்பாள். முன்பற்கள் இரண்டு இல்லை. அவளுடைய சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. எங்கள் வாசலில் வந்து நின்று, பக்கத்து வீட்டுக்காரியின் குரலில் "என்ன மீன்கா இண்டைக்கு? நேத்துத் தந்தது பூனையும் மணக்கல்ல" என்பாள். குசினிக்குள் இருக்கும் என் உம்மா பக்கத்து வீட்டுக்காரிதான் வந்துவிட்டாள் என்று சேலையைச் சரிசெய்துகொண்டு ஓடி வருவார். அங்கே கடகத்தோடு இவள் நிற்பாள். அடுத்த வீட்டு வாசலில் போய் என் உம்மாவின் குரலை எடுத்துக்கொள்வாள்.

எனக்கு அவளை அப்போதே பிடிக்காது. எங்கள் தாய்வழிக் குடிக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது நாக்கைச் சுழற்றிக் குரவை எடுத்துக் கொடுப்பவள் நான். என் தொண்டைக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. ஒரு கல்யாணத்தில் நான் குரவை போட்டு முடித்ததும் பின்வாசலில் இருந்து அதே குரவை, என் குரலிலேயே, இன்னும் ஒரு மூச்சு கூட்டி வந்தது. பெண்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். மணப்பெண் கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

ஆனால் அவள் பெயர் எடுத்தது கல்யாண வீடுகளில் அல்ல. இத்தா வீடுகளில்.

கணவன் இறந்து மௌத்தானால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெள்ளை உடுத்து, நகை கழற்றி, அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் ஓர் அறையில் இருப்பாள். ஜன்னலுக்கு வெள்ளைச் சீலை கட்டுவார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஆண் குரலே காதில் விழக்கூடாது என்பார்கள். மார்க்கக் கிதாபுகளில் அப்படி எதுவும் இல்லை என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அந்த நாளில் யார் கிதாபைப் பார்த்தது? என் உம்மா எங்கள் வீட்டுச் சேவலைக்கூடப் பின்வளவுக்கு விரட்டிவிட்டார்.

அந்த அறைக்குள் பெண்கள் வந்து போவார்கள். முதல் கிழமை, அந்த முதல் ஏழு நாளும், அழுவார்கள், இரண்டாம் கிழமை ஓதுவார்கள், மூன்றாம் கிழமை வெற்றிலை போட்டுக்கொண்டு தங்கள் வீட்டுக் கதைகளைக் கதைப்பார்கள். அதற்குப் பிறகு ஒருத்தரும் வரமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வருவாள். கடகத்தை வாசலில் இறக்கி, கை கால் கழுவி, ஒரு வெள்ளைத் துப்பட்டியையும் அரிசி புடைக்கும் சுளகையும் எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். நடுப்பகல் ளுஹர் தொழுகை முடிந்து பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்த அறையில் மௌத்தான மனிதர் திரும்பி நடமாடுவார். சுளகின் முதுகில் விரலால் தாளம் போட்டு, கணவனும் மாமியும் குழி வெட்டியவனும் வீட்டு ஆடும் எல்லாம் அவளே ஆகிப் பாடுவாள். அந்தச் செய்தி பரவியதும் வரமறந்த பெண்கள் எல்லாம் வந்து அறையில் நெருக்கி உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். உயிரோடு இருக்கும் ஆண்களைச் செய்து காட்ட மாட்டாள். "மௌத்தானவர் கோவிக்க மாட்டாரு. உசிரோட இரிக்கிறவர் பொஞ்சாதிக்கு அடிப்பாரு" என்பாள். ஓத வரும் லெப்பையைக்கூட வெறும் இருமலாக மட்டும்தான் செய்வாள். அந்த இருமலிலேயே அவர் எந்தப் பள்ளிவாசல் லெப்பை என்று எல்லோருக்கும் விளங்கிவிடும். அவளுடைய கணவன் இங்கினியாகலைப் பக்கம் அணை வேலைக்கு என்று போனவர், திரும்பி வரவில்லை. "உன்ட மாப்பிள்ளைய ஒருக்காச் செய்யேன்கா" என்று யாராவது கேட்டால் துப்பட்டியை உதறி மடித்துக்கொண்டே, "அவரு உசிரோட இரிக்காரு, செய்யப்படாது" என்பாள். அதற்கு மேல் அந்தக் கதை நீளாது.

பெண்டாட்டியை அடித்தே பெயரெடுத்த ஒரு சுருட்டு வியாபாரி மௌத்தானபோது அவருடைய விதவை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று ஊரே கதைத்தது. இவள் போனாள். வியாபாரியாக மாறி, வழக்கமான ஏச்சுகளை எல்லாம் ராகம் போட்டுப் பாடினாளாம். நடுவில் பாட்டை நிறுத்தி, அதே கரகரத்த குரலில், "என்னை மன்னிச்சு மாப்புத் தா புள்ள, மண்ணு பாரமா இரிக்கு" என்றாளாம். அந்த விதவை எழுந்து அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவள் மடியிலேயே விழுந்து பொழுது சாயும் மக்ரிப் வரைக்கும் அழுதாள். இவள் வீங்கிய கன்னத்தோடு மறுநாள் மீன் விற்க வந்தாள். "அவருக்கு விழ வேண்டியது எனக்கு விழுந்திட்டு" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் அந்த அறை கிடைத்தது.

என் மாப்பிள்ளை, கணவனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கரைவலைக்காரர். ஊரின் பெரிய வலை ஒன்றுக்கு அவர்தான் முன்னின்று இழுக்க வைப்பவர், நாற்பது ஆள் அவருடைய சொல்லுக்கு இழுப்பார்கள். அப்படி எனக்குச் சொன்னார்கள். நான் பார்த்ததில்லை. எங்கள் குடும்பப் பெண்கள் கடற்கரைக்குப் போகும் வழக்கம் அன்றைக்கு இல்லை. வீட்டில் அவர் வேறு மனிதர். எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் முறை. மாமி நடமாடும் வீட்டில் மருமகன் சத்தம் போட்டுக் கதைக்க மாட்டான், குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். என் மாப்பிள்ளை அந்த மரியாதையில் ஒரு மயிரிழை குறைத்ததில்லை. எங்கள் அறைக்கும் உம்மாவின் படுக்கைக்கும் நடுவில் ஒரு ஓலைத்தட்டிதான். ஆகவே அவர் என்னோடு கதைத்தது முழுவதும் காதோரம்தான். விடியலில் கடலுக்குப் போக எழும்பும்போது நானும் எழும்பப் பார்ப்பேன். "எழும்பாத, கிட" என்பார். நான்கு வருசம் அந்தக் குரலோடுதான் குடும்பம் நடத்தினேன். அவருக்கு அதைவிட வேறு குரல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அவர் கடலில் மௌத்தாகவில்லை. எங்கள் பின்வளவுக் கிணற்றில் உம்மாவின் வாளி விழுந்தது. அதை எடுக்க இறங்கியவர் கால் வழுக்கி, கல்லில் தலை அடிபட்டு, இடுப்பளவு தண்ணீரில் கிடந்தார். சோழகக் காற்றுக்கும் வாடைக் காற்றுக்கும் அசையாத மனிதர். துக்கத்துக்கு வந்தவர்கள் எப்படி மௌத்தானார் என்று கேட்பதும், சொன்னதும் ஒரு நிமிடம் வாயடைத்துப் போவதும் என் துக்கத்தோடு ஒரு வெட்கத்தையும் சேர்த்துவிட்டது.

நான்காம் கிழமை அவள் வந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அறை நிறைந்துவிட்டது.

முதலில் கிணறு வந்தது. துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து, புதுப்பெண் மாதிரி நாணிக்கொண்டு, உள்ளே எதிரொலிக்கும் குரலில் பாடினாள்:

"நானாக் கூப்பிடல்ல ராத்தாமாரே,
வாளிதான் அவரைக் கூப்பிட்டிச்சி,
இடுப்பளவுத் தண்ணிக்காரி எனக்கு
ஆளை முழுங்கத் தெரியுமா?"

உடனே எழுந்து துப்பட்டியை இரண்டு கையாலும் விரித்தாள். இப்போது கடல். மூத்த சக்களத்தி வாசலில் வந்து நிற்கிற கோபம்:

"பத்து வருசம் மடியில போட்டு
ஆட்டின நான் இரிக்கக்குள்ள
பின்வளவுச் சிறுக்கி ஒருத்திட்டப்
போய்க் கவிழ்ந்தியே மாப்பிள்ளை!
என்ட புயலுக்குத் தப்பின நீ
மாமிட வாளிக்குத் தப்பல்லியே!"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "என்ட வாளிக்கு என்னகா வந்த?" என்று என் உம்மா கோபத்தோடு எழுந்தார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த வரியில் உம்மாவே வந்துவிட்டார். அவருடைய மய்யித்து உடலை நடுவீட்டில் வைத்துக்கொண்டு "என்ட மருமகனே" என்று இழுத்து அழுவதும், அதே ராகத்தில் நெல்லில் வாய்வைத்த கோழியை விரட்டுவதும், மறுபடி அழுவதும். அது நடந்ததுதான், நான் பார்த்தேன். முதலில் சிரித்தது நான். நான்கு கிழமைக்குப் பிறகு என் வாயில் இருந்து வந்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. கிணற்றில் விழுந்த வெட்கம் அன்றைக்கு என்னை விட்டுப் போனது, அதை அவளுக்கு எழுதிக்கொடுக்கத்தான் வேண்டும்.

பிறகு அவர் வந்தார்.

அவள் துப்பட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பாதம் இரண்டையும் மணலில் புதைப்பது போல அகட்டி வைத்தாள். வலக்கையால் இடக்காதைத் தேய்த்தாள். அவர் அப்படித் தேய்ப்பார், அது நானும் பார்த்தது. பிறகு கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு ஒன்றை எடுத்தாள்:

"வா வா வலையே, வயிறு நிறைஞ்சு வா
ஏலை ஏலோ
ஊட்டில ஒருத்தி உலை வெச்சுப் பாத்திரிக்கா
ஏலை ஏலோ"

கூரை அதிர்ந்தது. அகலமான, உப்புப் பிடித்த, சிரிப்பு ஓடுகிற குரல். ஒரு ஆண் நாற்பது பேரைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் குரல். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஆனால் அது அவர்தான் என்பதில் எனக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. ஊட்டில ஒருத்தி என்பது நான். என்னைப் பற்றி ஊர் முழுக்கக் கேட்கப் பாடியிருக்கிறார், நான் ஒருத்தி கேட்கவில்லை. மீன்காரி கேட்டிருக்கிறாள். அழுகைக்குப் பதிலாக எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த கிழமை அவள் மறுபடி வந்து அதே பாட்டை எடுத்தபோது முற்றத்தில் ஆள் சத்தம் கேட்டது. இத்தா இருக்கும் அறைக்குள் ஆம்புளைக் குரல் கேட்கிறது என்று யாரோ பள்ளிவாசலுக்குச் சொல்லிவிட்டார்கள். மரைக்கார்மார் மூன்று பேர், அதாவது எங்கள் குடிகளுக்குப் பள்ளியில் தலைவர்கள், என் மூத்த சகோதரன் காக்காவையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். உள்ளே வர அவர்களுக்கு உரிமை இல்லை. வெளியே போக எனக்கு உரிமை இல்லை.

"உள்ளுக்குள்ள ஆரு?" என்று கேட்டார் மூத்த மரைக்கார். அவர்தான் என் மாப்பிள்ளை இழுத்த வலையின் சொந்தக்காரர்.

அவள் காதைத் தேய்த்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மரைக்கார்! நிண்டு பாத்துக்கிட்டு இரிக்காம கயித்தப் பிடிங்க, வெயில் ஏறுது!"

"வஅலைக்குமுஸ்ஸலாம், இந்தா வாறன்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார் அந்த மனிதர். கொஞ்சம் கழித்து ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இது சைத்தான்ட வேலை" என்றார் இன்னொருவர்.

உம்மா வாசலுக்கு ஓடினார். "பொம்புளதான் மரைக்கார், அல்லாட மேல ஆணை, பொம்புளதான்!" அவளும் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் போய், "நான்தான் மரைக்கார். கடகத்தில ரெண்டு பாரைக்குட்டி கிடக்கு, கொண்டு போறீங்களா?" என்றாள்.

மூவரும் ஒதுங்கி நின்று வெகுநேரம் கதைத்தார்கள். கடைசியில் இரண்டாம் மரைக்கார் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "பொம்புளையாப் பொறந்தவளுக்கு ஆம்புளைட தொண்டை இருந்தா, அதுக்கு நாங்க சட்டம் வெச்சில்ல." மற்றவர்கள் நடந்துவிட்டார்கள். மூத்தவர் மட்டும் நின்றார்.

"வாற கிழமையும் வருவியாகா?"

"வருவன்."

"வந்தா அந்த ஜன்னல் பக்கமா நிண்டு பாடு."

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் இருந்தது நான்கு சுவருக்குள். என் மாப்பிள்ளையை ஜன்னல் வழியாக ஊருக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் போன பிறகு அவளை மறித்தேன்.

"அவரோட ஒங்களுக்கு என்ன பழக்கம் ராத்தா?"

"பழக்கமா? வலை கரைக்கு வரும் வரைக்கும் மீன் வாடி ஓரத்தில கடகத்தோட குந்தி இருப்பன். பாத்துக்கிட்டு இருப்பன், அவ்வளவுதான். என்னோட நாலு சொல்லுக் கதைச்சிருக்க மாட்டாரு."

"நாலு சொல்லா? என்ன சொல்லு அதுகள்?"

அவள் சிரிக்கவில்லை. "'தள்ளி நில்லுகா, கயிறு அடிக்கும்.' நாலுதான். எண்ணிப் பாரு."

எண்ணிப் பார்த்தேன். நாலுதான். அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. தள்ளி நில் என்று சொல்வதற்காவது அவளை அவர் திரும்பிப் பார்த்திருக்கிறார் என்றுதான் மனம் போனது.

அவள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினாள். "என்னட்ட பாதி மனுசன்தான் புள்ள இரிக்காரு. கரையில இருந்தவரு. ஊட்டில எப்படிக் கதைப்பாரு? ஒருக்காச் செஞ்சு காட்டு. நான் பிடிச்சிக்குவன். அதையும் சேர்த்தாத்தான் அவரு முழுசா வருவாரு."

"எழும்பாத, கிட" என்பது என் தொண்டை வரைக்கும் வந்தது. எனக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் நாளைக்கு எந்த வீட்டில் எவளெல்லாம் கேட்பாள்?

"அது என்ட" என்றேன். "தர மாட்டன்."

"சரி புள்ள, வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இத்தா முடிந்து நான் வெளியே வந்தபோது என் மாப்பிள்ளை எனக்கு முன்னாலேயே ஊர் சுற்றக் கிளம்பியிருந்தார். இத்தா வீடுகளில் மட்டும் அல்ல, பிள்ளைக்குப் பேர் வைக்கும் வீட்டில், காதுகுத்து வீட்டில், பெண்கள் கூடுகிற எல்லா இடத்திலும் "கிணத்து மாப்பிள்ளையக் கொண்டு வாகா" என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் ஒருத்தி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "உன்ட மாப்பிள்ளை நேத்து எங்கட ஊட்ட வந்தாரு! சிரிச்சிச் சிரிச்சி வயிறு நோகுது" என்றாள். பாவம், அன்பாகத்தான் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து அம்மியில் மிளகாயைப் போட்டு, தேவைக்கு மேல் நசுக்கினேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மருதமுனையில் ஒரு இத்தா வீட்டுக்கு நானும் போனேன். மௌத்தானவர் தறி நெய்தவர். முகத்தை மூடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தறியின் மிதிப்பலகைச் சத்தத்தைத் தாளமாக வைத்து அவள் அந்த மனிதரைப் பாடி முடித்தாள். அழுகையும் சிரிப்பும் ஓய்ந்ததும் வழக்கம்போல என் மாப்பிள்ளையைக் கேட்டார்கள். அவர் வந்தார். எனக்கு முன்னால் கல்யாணமாகாத ஒரு குமர் கன்னத்தில் கைவைத்து வாய் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பின்னலைப் பிடித்து இழுக்க என் கை துடித்தது.

பாட்டு முடிந்த பிறகு மீன்காரி புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தாள். வலையை வளைத்துப் போட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறார். வாசலில் நின்று அதே அகலக் குரலில், "புள்ள! சோத்தப் போடு புள்ள! உம்மாக்காரி தூங்கிட்டாவா?" என்று கத்துகிறார். அறை முழுக்கச் சிரிப்பு.

நான் எழுந்துவிட்டேன். "அவரு அப்படிக் கதைக்க மாட்டாரு!"

எல்லோரும் திரும்பினார்கள். துப்பட்டி முகத்தில் இருந்து நழுவிவிட்டது. அவள் பாட்டை நிறுத்திவிட்டு, இடுப்பில் கட்டிய துணியோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். ஏளனமே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்:

"அப்ப எப்படி?"

இருபது முப்பது பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியேறினேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அந்தப் பகுதியை அவள் செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். கரையில் பாடும் மனிதரை மட்டும் செய்து, அவர் வீட்டுப் பக்கம் திரும்பும் இடத்தில் நிறுத்திவிடுவாளாம். மறுநாள் மீன் கொண்டுவந்தவளிடம், "இனி எங்கட வாசலுக்கு வராதீங்க" என்றேன். எந்தக் குரலையும் எடுக்காமல் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

எனக்கு இரண்டு இடத்தில் இருந்து கல்யாணம் பேசி வந்தார்கள். மாட்டேன் என்றேன். உம்மா அழுதார், காக்கா ஏசினார். ஊருக்குக் கிடைத்தது கத்துகிற மாப்பிள்ளை, எனக்குக் கிடைத்தவர் வேறு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். எவளும் தொடாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதில் ஒரு கர்வம். சுபஹுக்கு முன்னால் விழிப்பு வந்தால் கண்ணைத் திறக்காமல் கிடப்பேன். "எழும்பாத, கிட" என்று காதோரம் வரும். அதோடு எழும்பித் தொழுவேன். ஏழெட்டு வருசம் இப்படி.

எப்போது போனது என்று தெரியாது. அதுதான் எனக்கு ஆறாத கோபம். ஒரு விடியலில் கண்ணை மூடிக்கொண்டு காத்துக் கிடந்தேன், வரவில்லை. சொல் வந்தது, குரல் வரவில்லை. காக்காவின் குரலில் வந்தது, பாங்கு சொல்லும் பள்ளி மோதினாரின் குரலில் வந்தது, கடைசியில் அவள் பாடுகிற கரைக்குரலில், கூரை அதிர, "எழும்பாத, கிட!" என்று வந்தது. பதறி எழுந்து உட்கார்ந்தேன். அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் கிடையாது. உம்மாவைக் கேட்கலாம் என்றால், அந்தக் குரல் உம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகவே இருந்த குரல்.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் குடையை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்கு நடந்தேன். அவள் வீட்டுக்கு அதுதான் முதல் தடவை போகிறேன்.

கால் வீங்கி, ஒரு பன்பாயில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். மீன் விற்கப் போவதில்லையாம். இத்தா வீடுகளுக்கு யாராவது வண்டி கட்டிக்கொண்டு வந்து தூக்கிப் போனால் போவாளாம். இத்தனை வருசம் வாசலை அடைத்தவள் வந்து நிற்கிறேனே என்று ஒரு சொல் கேட்கவில்லை.

"என்ன புள்ள, தரவா வந்தாய்?" என்றாள்.

நான் கேட்கத்தான் போயிருந்தேன். என்னிடம் இல்லை, உங்களிடம் எப்படியாவது இருக்குமா என்று கேட்க. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அதை என்னால் சொல்ல முடியவில்லை.

"ஓம்" என்றேன்.

கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த சுளகை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய முகம் முழுவதும் ஒரு தாகம் வந்தது. "எத்தினை வருசமா அந்த மனுசன் ஊட்டு வாசல்ல நிக்காரு. உள்ளுக்குப் போக ஏலாம. சொல்லு. மெதுவாச் சொல்லு, நான் பிடிச்சிக்குவன்."

அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாய் கிட்டத்தட்ட அவள் காதில் படுகிற மாதிரி குனிந்து, அவர் குனிவது போலத்தான் குனிந்து, எனக்குத் தெரிந்த அளவுக்குத் தாழ்த்திச் சொன்னேன்:

"எழும்பாத, கிட."

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். விரலால் சுளகில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு அதை அப்படியே, ஒரு மூச்சும் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். ஒரு பெண்ணின் குரல். வயது முப்பது இருக்கும், கொஞ்சம் அடைத்த தொண்டை, எதையோ பறிகொடுத்தவள் அதைச் சொல்லாமல் மறைக்கிற குரல்.

"இது நீ, புள்ள" என்றாள் கண்ணைத் திறந்து. "அவரு எங்க?"